மறதிக்கு எந்தக் குளிசை நல்லம்? கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

கனவருசம் பார்மசியில நிண்டனான், டொக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிப்போட்டன்.

கேள்வி: அக்கா, நான் கனடாவில. யாழ்ப்பாணத்தில அம்மாக்கு 72 வயசு, சுத்த சைவம், சீனிக்கு மெட்ஃபோமின் கனகாலமா போடுறா. இப்ப பாலை அடுப்பில வைச்சிட்டு மறந்துபோய் முத்தம் கூட்டுறா. ஞாபகத்துக்கெண்டு விக்கிற ஜிங்கோ இலைக் குளிசை வாங்கி அனுப்பட்டோ?

பதில்: வேண்டாம் தம்பி. 2008ல வந்த அமெரிக்க ஆய்வில 3,069 வயசாளியளில பாதிப் பேருக்கு ஜிங்கோ, மற்றவைக்கு வெறுங்குளிசை எண்டு ஆறு வருசமளவு குடுத்துப் பாத்தவை, டிமென்சியா எண்ட மறதி நோய் வாறது குறையவே இல்ல. உங்கட அம்மாவில நான் பயப்பிடுறது விட்டமின் பி12 குறைஞ்சிருக்குமோ எண்டுதான். அது மீன், முட்டை, பால் மாதிரிச் சாமான்களிலதான் இருக்கு, மரக்கறியில இல்ல, அதுக்கு மேல மெட்ஃபோமின் வேற அது உடம்பில சேருறதைக் குறைக்கும். கால் விறைக்குதோ, நாக்கு வழுவழுவெண்டு சிவந்திருக்கோ எண்டு கேளுங்கோ, கிளினிக்கில சொல்லி ரத்தத்தில பி12 பாக்கச் சொல்லுங்கோ. குறைஞ்சிருந்தா ஊசியோ குளிசையோ டொக்டர் தருவார். பிந்தினா நரம்பு பழுதானது பழுதானதுதான். ஃபோலிக் அசிட் எண்ட மற்ற பி விட்டமினை மட்டும் வாங்கிக் குடுக்காதேங்கோ, ரத்தச்சோகை மறைஞ்சிடும், நரம்பு உள்ளுக்க கெட்டுக்கொண்டே போகும்.

கேள்வி: வல்லாரை சாப்பிட்டா ஞாபகம் கூடுமெண்டு அம்மம்மா சொல்லுவா, உண்மையோ?

பதில்: உறுதியான ஆதாரம் இல்லப் பிள்ளை. ஆனா பச்சையா அரிஞ்சு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், தேசிப்புளி விட்டுச் சம்பல் போட்டா ஆர் வேண்டாமெண்டுறது? அதையே குளிசையாக்கி விக்கேக்கதான் எனக்குக் கோவம் வரும்.

கேள்வி: மீனெண்ணெய்க் குளிசை?

பதில்: குருநகர்ச் சூடை மீன் இருக்கேக்க ஏன் அண்ணை போத்தல்? மீனெண்ணெயில இருக்கிற நல்ல கொழுப்புக்குத்தான் ஒமேகா 3 எண்டு பேர், மூளையில இருக்கிற ஒமேகா 3ல பெரும்பங்கு டிஎச்ஏ எண்ட வகைதான், அது சூடையில நல்லா இருக்கு. பொரிக்காம குழம்பு வையுங்கோ. 2010ல ஒக்ஸ்போர்டில, லேசா மறதி தொடங்கின 70 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு ஃபோலிக் அசிட், பி12, பி6 மூண்டையும் சேத்து ரெண்டு வருசம் குடுக்க மூளை சுருங்குற வேகம் 30 வீதமளவு குறைஞ்சது, இந்த விட்டமினுகள் குறைஞ்சா ரத்தத்தில ஏறுற ஹோமோசிஸ்டீன் எண்ட சாமான் கூடுதலா இருந்தவைக்குத்தான் கூடுதல் பலன். பிறகு பாத்தா ஒமேகா 3 நல்லா இருந்த ஆக்களிலதான் அந்த விட்டமின் வேலை செய்திருக்கு. டிமென்சியா வராம தடுத்தது எண்டு இதை வைச்சுச் சொல்லேலாது.

கேள்வி: அப்பா சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறார், என்ன குளிசை குடுக்கலாம்?

பதில்: ரிவியை எவ்வளவு சத்தமா வைக்கிறார்? முதல்ல காதைக் காட்டுங்கோ.