கேமரா கேள்வி பதில்: வளவில் சாஃப்ட் ஃபோகஸ்

அப்பச்சி (அப்பா), ஆத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர்களை வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) உட்காரவைத்துப் படம் எடுக்க, பழைய கேனன் 135 எம்.எம். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் வாங்கினேன். மென்மையைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தை (0, 1, 2) 2-இல் வைத்தால் முகமே அவுட் ஆகிறது. லென்ஸ் கோளாறா?
- வாசகர், காரைக்குடி

பெரும்பாலும் கோளாறு லென்ஸில் இருக்காது, ஃபோகஸ் பிடித்த வரிசையில் இருக்கும். 1987-இல் வந்த இந்த லென்ஸில், வளையத்தைத் திருப்பத் திருப்ப கோளப் பிறழ்ச்சி கூடும். அதாவது, நடுவில் நுழையும் ஒளி ஓரிடத்திலும் ஓரத்தில் நுழைவது வேறிடத்திலும் குவியும். கூர்மையான பிம்பத்தின் மேல் மங்கலான இன்னொன்று படிவதால்தான் அந்தப் பனித்தோற்றம். அடியில் கூர்மை இல்லையென்றால் வெறும் மங்கல்தான் மிஞ்சும்.

வளையத்தைத் திருப்பினால் குவியும் இடமும் நகரும். அப்பெர்ச்சரை (ஒளி நுழையும் துவாரத்தை) மூடினாலும் நகரும். ஆகவே முதலில் வளையம், பிறகு அப்பெர்ச்சர், கடைசியில்தான் ஃபோகஸ். லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பெரிதாக்கி, அப்பெர்ச்சரை மூடிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்திக்கொண்டே இமை மயிரில் ஃபோகஸ் பிடியுங்கள். வளையம் 1, எஃப்/4-இல் ஆரம்பியுங்கள் (எஃப் எண் கூடக் கூட துவாரம் சிறுக்கும்). 2-உம் எஃப்/2.8-உம் சேர்ந்தால் முகத்துக்கு அதிகம். எஃப்/5.6 தாண்டினால் பனி அநேகமாகக் காணாமல் போகும். பலர் வெளிச்சம் அதிகமென்று எஃப்/8-க்குப் போய்விட்டு லென்ஸைக் குறை சொல்வார்கள்.

இனி வெளிச்சம். முற்றத்தின் நடுவில் உட்காரவைத்தால் ஒளி செங்குத்தாக விழுந்து கண்குழி இருண்டுவிடும். தாழ்வாரத்தில் மூன்றடி உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி உட்காரவையுங்கள். பின்னால் வெள்ளைச் சாந்துச் சுவர் இருந்தால் அந்த வெண்மை தலைமுடிமேல் வழியும். தேக்குத் தூணோ கதவோ இருந்தால் நரைமுடியின் விளிம்பு மட்டும் அழகாக மினுங்கும். தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் என்றால் தாடைக்கடியில் செம்மை ஏறும். படத்தில் வராத இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் ஒளியை) மூன்றில் ஒரு ஸ்டாப் குறைத்தால் வைரத்தோட்டின் ஒளி கன்னம்வரை பரவாது.

ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) இருவரும் இடுப்பளவு வர சுமார் 15 அடி தள்ளி நிற்க வேண்டும். சிறிய சென்சார் என்றால் 24 அடி. முற்றத்துக்கு எதிர்த் தாழ்வாரத்திலிருந்துதான் முடியும். கழுத்திருவின் (திருமணக் கழுத்தணியின்) நுணுக்க வேலையும் கண்டாங்கிச் சேலையின் கட்டமும் இந்த மென்மையில் கரைந்துபோகும். அவற்றுக்காக வளையம் 0, எஃப்/8-இல் தனியாக ஒன்று எடுத்து வையுங்கள். ஆத்தா கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்!

லென்ஸ் விலை கட்டாது. வாஸ்லின், ஸ்டாக்கிங்ஸ் போதுமா?
- வாசகி, தேவகோட்டை

லென்ஸ் கண்ணாடியில் வாஸ்லின் வேண்டவே வேண்டாம். பழைய யூவி ஃபில்டரில் விளிம்பைச் சுற்றி மெல்லியதாகத் தடவலாம். ஆனால் விரல் போன திசையில் ஒளி கோடாக இழுக்கும், ஒரு படம் போல இன்னொன்று வராது. ஸ்டாக்கிங்ஸ் மேல். கறுப்பு நைலானை ஒரே அடுக்காக நன்றாக இழுத்து, ரப்பர் பேண்டால் லென்ஸ் முகப்பில் கட்டுங்கள். வெள்ளை நிறமானால் இருண்ட பகுதிகளும் வெளுத்துவிடும். எஃப்/4-க்கு மேல் மூடாதீர்கள். மூடினால் பின்னணி விளக்குகளில் வலைக்கண் தெரியும். துணி ஒளியைச் சிதறடிக்கிறதே தவிர, லென்ஸ் தரும் அந்த இரட்டைப் பிம்பம் இதில் கிடைக்காது.

இந்தப் பனித்தோற்றத்தைக் கம்ப்யூட்டரில் செய்துகொள்ளக் கூடாதா?
- வாசகர், கானாடுகாத்தான்

செய்யலாம். படத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, காஸியன் பிளர் (மங்கலாக்கும் வசதி) கொடுத்து, மேல் லேயரை அடியிலுள்ளதோடு வெளிச்சமாகக் கலக்கும் ஸ்கிரீன் மோடில் 30 சதவீதம் வையுங்கள். வெளுத்துப்போன மூக்குத்தி ஒளி மட்டும் லென்ஸில் பரவுவதுபோலப் பரவாது, சாம்பலாகத் தெரியும். ஆகவே ரா ஃபைலில் (கேமரா பதிவதை அப்படியே வைக்கும் கோப்பில்), வெளுக்காமல் எடுங்கள்.