மறு: ஐகான் கருவிக்கு ஏஜென்ட் படிக்கும் விளக்கம் – ஏற்காடு காபிக் கடைத் தளம்

வணக்கம் நண்பரே. ஏஜென்ட் (தானாக வேலை செய்யும் ஏஐ உதவியாளர்) உங்கள் ஐகான் கருவியை அழைத்து, காபிக் கடை லோகோவைக் கொடுத்தால் ஆண்ட்ராய்டில் ஓரம் வெட்டுப்படுகிறது, ஐபோனில் பின்னணி கருப்பாகிறது, ஏஜென்ட்டோ 'முடிந்தது' என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். "லோகோவிலிருந்து ஐகான்கள் உருவாக்கும்" என்று கருவிக்கு நீங்கள் எழுதிய ஒற்றை வரி விளக்கம்தான் காரணம். ஏஜென்ட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், மீதியை ஊகிக்கிறது.

விளக்கத்தில் உள்ளீட்டை முதலில் கட்டிப்போடுங்கள்: சதுர எஸ்விஜி (எந்த அளவிலும் மங்காத படக் கோப்பு), அல்லது குறைந்தது 512 பிக்சல் பிஎன்ஜி. கடைப் பெயர் கூடாது. 'சேர்வராயன்' என்ற சொல் 16 பிக்சலில் வெறும் அழுக்குப் புள்ளி. காபிக் கொட்டை மட்டும் போதும்.

வெளியீட்டுக்குக் கோப்புவாரியாக விதி வேண்டும். ஐகோ கோப்புக்குள் (பிரவுசர் தாவலில் தெரியும் ஐகான்) 16, 32, 48 பிக்சல். ஆப்பிள் டச் ஐகான் (ஐபோன் முகப்புத் திரையில் வருவது) 180; பின்னணி இல்லாத படத்தை ஐஓஎஸ் கருப்பால் நிரப்பிவிடும், எனவே பின்னணி நிறத்தைக் கட்டாயமாகக் கேளுங்கள். மேனிஃபெஸ்டுக்கு (தளத்தை ஆப் போல நிறுவ உதவும் விவரக் கோப்பு) 192, 512. மாஸ்கபிள் ஐகான் (ஆண்ட்ராய்டு வட்டம் போன்ற வடிவில் வெட்டிக்கொள்வது) தனிக் கோப்பாக இருக்கட்டும்: உருவம் நடுவில் 80 சதவீத விட்டமுள்ள வட்டத்துக்குள், அதாவது 512-க்குச் சுமார் 409 பிக்சலுக்குள் அடங்க வேண்டும். சாதாரண ஐகான், மாஸ்கபிள் ஐகான் இரண்டுக்கும் ஒரே கோப்பைப் போட்டால் ஓரிடத்தில் வெட்டு, இன்னோரிடத்தில் வெற்றிடம்.

பிழைச் செய்தி அடுத்த வேலையையும் சொல்லணும்: "படம் சதுரமில்லை, 900×400 வந்தது, வெட்டாமல் மேலும் கீழும் இடம் சேர்த்து மீண்டும் அழை." வெறும் 'தவறான உள்ளீடு' என்றால் ஏஜென்ட் அதே படத்தோடு திரும்பத் திரும்ப வரும்.

உருவான கோப்புகளின் பாதையையும் பக்கத்தின் எச்டிஎம்எல் ஹெட் பகுதியில் ஒட்ட வேண்டிய லிங்க் வரிகளையும் கருவியே திருப்பித் தரட்டும். பழைய ஐகான் தெரிந்தால் அது பிரவுசர் கேஷ் (பிரவுசர் சேமித்து வைத்த நகல்). மறுபடி உருவாக்காமல் ஐகான் முகவரியின் கடைசியில் பதிப்பு எண் சேர்க்கும்படி ஒரு வரி எழுதுங்கள்.