குடியால் இறந்துபோன அப்பாவை எப்படி நல்லபடியாக நினைத்துக்கொள்வது? சொந்தக்காரர்கள் அவர் பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள்.

உங்க வீட்லயும் வெளிய கேக்குறவங்ககிட்ட 'ஹார்ட் அட்டாக்'னு தான் சொல்லி வச்சிருப்பாங்க. எங்க வீட்லயும் அதே கதை தான். எனக்கு அப்பா இல்ல, மாமா, அம்மாவோட கடைசி தம்பி. பெங்களூர் அல்சூர்ல பூ கட்டுறவர். சோமேஸ்வரர் கோயில் திருவிழால ராத்திரி பூப்பல்லக்கு வரும்ல, அதுல ஒரு பல்லக்குக்கு வருஷா வருஷம் வேலை பாத்தவர். சம்பங்கிய நார்ல வச்சு அவர் முடிச்சு போடுற வேகத்துக்கு நம்ம கண்ணு ஓடாது. அதே கை காலைல டீ கிளாஸ் பிடிக்காது, பாதி டீ லுங்கில தான் இருக்கும், ஒரு சாராய பாக்கெட் உள்ள போனா தான் நடுக்கம் நிக்கும். எல்லாரும் அதை கொழுப்புன்னாங்க. உடம்பு சரக்குக்கு பழகிட்டா அது இல்லாதப்ப நடுக்கம், வேர்வை, சிலருக்கு ஃபிட்ஸ், இல்லாத ஆளுங்க கண்ணுக்குத் தெரியறது வரைக்கும் போகும், அதனால ரொம்ப வருஷமா குடிக்கிறவங்கள வீட்ல பூட்டி வச்சு திடீர்னு நிறுத்த வைக்கிறது உயிருக்கே ஆபத்துன்னு ஓசூர் ரோட்ல இருக்குற மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்ல டாக்டர் சொல்லித் தான் எங்களுக்கே தெரியும்.

2007 ஜூலைல கர்நாடகாவுல சாராயத்த தடை பண்ணப்ப அத்தை தேங்காய் உடைச்சாங்க. மாமா சாராய பாக்கெட்ட விட்டு விஸ்கி பாக்கெட்டுக்கு மாறினார், செலவு கூடுனது தான் மிச்சம்.

அப்புறம் அவரே ஒருநாள் வந்து ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்கன்னார். மாத்திரை, கவுன்சிலிங், சாயங்காலமானா குடிய விட நினைக்கிறவங்க கூடிப் பேசுற ஏஏ மீட்டிங், கிட்டத்தட்ட ஒரு வருஷம் சொட்டு தொடல. வெள்ளிக்கிழமைன்னா விடியக்காலைல மார்க்கெட் போய்ட்டு வந்து எங்க வீட்டு கதவுல ரெண்டு முழம் மல்லி மாட்டிட்டு சத்தமில்லாம போயிடுவார். அப்புறம் ஒரு கல்யாணத்துல எவனோ 'ஒரு கட்டிங் தான மாமா'ன்னு ஊத்திக் குடுத்தான். அதுலேர்ந்து ஈரல் கெட்டு, வயித்துல தண்ணி கோத்து, ரத்தமா வாந்தி எடுத்து போய் சேந்தார்.

சாவு வீட்லயே ஒரு பெருசு 'ட்ரீட்மென்ட்டுக்கு கொட்டுனதெல்லாம் வேஸ்ட்'னார் பாருங்க, இன்னிக்கு வரைக்கும் எனக்கு அவர் மேல கடுப்பு. அந்த ஒரு வருஷம் மாமா வாழ்ந்தது தானேங்க? திரும்ப குடிச்சிட்டார்ங்கிறதுக்காக அது பொய்யாகிடுமா? அவர் பொண்ணு ஹால்ல மாட்டியிருக்கறது அந்த வருஷத்து போட்டோ. கல்யாண போட்டோவ விட இதுல ஒல்லியா, கொஞ்சம் பயந்த மாதிரி தான் இருப்பார், சொந்தக்காரங்க எவ்வளவோ சொல்லியும் அவ மாத்தல.

குடிகாரன தியாகி ஆக்குறியான்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: இல்ல. அத்தையோட தோடு அடகுக் கடைலயே மூழ்கிப் போச்சு, அடியும் வாங்கியிருக்காங்க. அவங்க இன்னும் திவசத்தன்னிக்கு அழ மாட்டாங்க, யாரும் அழச் சொல்லவும் கூடாது. நான் சொல்றது நோய்ங்கிறது மட்டும் தான். 2017 மனநல சட்டத்துலயே குடி, போதைப் பழக்கத்தோட வர்ற மனநிலை பாதிப்புகள மனநோய் கணக்குல தான் சேத்திருக்காங்க, நானா கண்டுபிடிச்சது இல்ல.

கடைசி சீசன் வேலைக்கு ஒரு மண்டபத்துக்காரர் தர வேண்டிய காசு இன்னும் வரல, கேட்டா மாமாவே குடிக்க முன்பணம் வாங்கிட்டார்ங்கிறார். செத்தவன் குடிகாரன்னா எந்த கணக்கையும் அவன் தலைல கட்டலாம் போல. இப்ப அந்த மண்டபத்து ஸ்டேஜ் பூரா பிளாஸ்டிக் பூ, அதுக்கு கேக்குற ரேட் வேற.

உங்க விஷயத்துக்கு வர்றேன். அம்மாவ இப்பவே கட்டாயப்படுத்தாதீங்க. அப்பா நல்லா இருந்தப்ப கூட வேலை பாத்தவங்க யாராவது இருப்பாங்க, அவங்கள தேடிப் பிடிச்சு பேசுங்க, சொந்தக்காரங்களுக்கு தெரியாத அப்பா அங்க கிடைப்பார். வீட்ல வேற யாராவது குடிச்சிட்டு இருந்தா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416-க்கு போன் பண்ணுங்க, காசில்ல, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். போன பொங்கலப்ப என் மாமா பொண்ணுகிட்ட இந்த நம்பர வாங்கிட்டுப் போனது, கல்யாணத்துல ஊத்திக் குடுத்தான்னேனே, அவனோட தம்பி.