ஜெர்மனில குப்பை பிரிக்கிறது பத்தி கேட்ட தம்பிக்கு

தம்பி, பக்கத்து வீட்டுப் பாட்டி உங்க மஞ்சள் பைய (பாக்கெட், கவர் மாதிரி பேக்கிங் குப்பை போடுற பை) எட்டிப் பார்த்துட்டு சத்தம் போட்டாங்க, இந்த ஜெர்மன்காரங்களுக்கு சுற்றுச்சூழல் மேல அவ்ளோ அக்கறையான்னு கேட்டிருந்தீங்க. அக்கறை இருக்கு, ஆனா நான் பார்த்தவரைக்கும் அதுல பாதிக்கு மேல காசுக் கணக்கும், அடுத்த வீட்டுக்காரன் என்ன நினைப்பான்ங்கிறதும்தான்.

ரெஸ்ட்மியூல், அதான் மிச்ச குப்பைத் தொட்டி, அதுக்கான காசு உங்க வாடகையோட நேபன்கோஸ்டன்ல (வாடகைக்கு மேல கட்டுற இதர வீட்டுச் செலவு) வந்துரும். மஞ்சள் பைக்கு தனியா கட்டணம் இல்ல, பாக்கெட் போட்டு விக்கிற கம்பெனிதான் அந்தச் செலவ ஏத்துக்கணும்னு 1991ல சட்டம் போட்டாங்க, எப்படியும் அத நம்மகிட்ட விலையில வாங்கிடுறான் அது வேற விஷயம். அதனால பால் வர்ற அட்டை டப்பா, அரிசி கவர் எல்லாம் மஞ்சள்ல போகலாம், ஒடஞ்ச பக்கெட் பிளாஸ்டிக்கா இருந்தாலும் பாக்கெட் இல்லங்கிறதால பெரும்பாலான ஊர்ல கூடாது. பயோ தொட்டியில காய்கறித் தோல பிளாஸ்டிக் கவரோட முடிஞ்சு போட்டீங்கன்னா வண்டிக்காரங்க ஸ்டிக்கர் ஒட்டிட்டு எடுக்காமயே போயிருவாங்க, அப்புறம் அத ரெஸ்ட்மியூலா அள்ளுற செலவு மொத்த பில்டிங் தலையில. பாட்டி கோவம் இப்ப புரியுதா?

எல்லாரும் அப்படின்னும் நினைக்காதீங்க. பெரிய அபார்ட்மென்ட் பிளாக்ல யார் போட்டதுன்னு தெரியாது, அங்க தொட்டியத் திறந்தா எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்கும். எங்க ஆபீஸ்ல ஒரு ஜெர்மன்காரர், கடைசியில எல்லாத்தையும் எரிக்கத்தான் போறானுங்கன்னு தினம் புலம்புவாரு, புலம்பிக்கிட்டே தயிர் கப்புல இருந்து அலுமினிய மூடிய பிச்சு தனியா போடுவாரு 😄 (அதுவும் சரிதான், ஒட்டிக்கிட்டு இருந்தா மெஷினுக்கு பிரிக்கத் தெரியாது. கழுவணும்னு அவசியம் இல்ல, வழிச்சிட்டுப் போட்டா போதும்.)

ஃபாண்ட் பாட்டில் (காலியா திருப்பிக் குடுத்தா முன்பணம் திரும்பக் கிடைக்கிற பாட்டில்) விஷயத்துல யாருக்கும் புத்தி சொல்லவே வேணாம், 2003ல இருந்து டின்னுக்கும் ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 சென்ட், சனிக்கிழமை பாட்டில் திருப்பிப் போடுற மெஷின் முன்னாடி பென்ஸ்ல வந்தவரும் மூட்டையோட வரிசையில நிப்பாரு. வெளிய ரோட்டுல குடிச்சா மட்டும் பாட்டில தொட்டிக்குள்ள போடாம பக்கத்துல வெச்சிருங்க, பென்ஷன் பத்தாம பொறுக்க வர்ற வயசானவங்க கைய உள்ள விட்டுத் துழாவ வேண்டாம்.

கண்ணாடி பாட்டில் ஞாயித்துக்கிழமை போடப்போகாதீங்க, சத்தத்துக்கே சண்டைக்கு வருவாங்க. கலர், விதி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும், உங்க நகராட்சி சைட்ல குப்பை காலண்டர் இருக்கும், எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டிக்கோங்க. சந்தேகம்னா அந்தப் பாட்டிகிட்டயே கேளுங்க, அரை மணி நேரம் போகும், பரவால்ல.