டிஸ்க் 70 டாலர், டவுன்லோட் 80 டாலர்: எதற்குக் கொடுப்பது?

கேள்வி: நியூ ஜெர்சி, எடிசனில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஐந்து சீசன் ஓடி முடிந்த ஒரு துப்பறியும் தொடரை மொத்தமாக வாங்க ஆசை. 60 எபிசோட். புது டிவிடி பெட்டி 70 டாலர். அதே தொடர் டவுன்லோடாக 80 டாலர். தனித்தனி சீசனாக எடுத்தால் 125 வரை போகிறது. டிஸ்க் இல்லை, பெட்டி இல்லை, லாரி வாடகை இல்லை, அப்புறம் எதற்குக் கூடுதல் விலை? மனைவியோ, "இந்தக் காலத்தில் யாராவது டிவிடி வாங்குவார்களா?" என்கிறார். மூன்று வருடத்தில் கோயம்புத்தூர் திரும்பும் எண்ணமும் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: மனைவி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறார்கள், ஆனால் வாங்கும் இடம் குறைந்துவிட்டது. நெட்ஃப்ளிக்ஸ் 2023 செப்டம்பரோடு தபாலில் டிஸ்க் அனுப்புவதை நிறுத்தியது. பெஸ்ட் பை கடைகள் 2024இல் சினிமா, டிவி டிஸ்க் விற்பனையையே விட்டுவிட்டன. அதற்காக டிஸ்க் வாங்குகிறவர் ஏமாளி என்று ஆகிவிடாது. உங்கள் விஷயத்தில் கணக்கு டிஸ்க் பக்கம்தான் சாய்கிறது.

"பிளாஸ்டிக் இல்லையே, ஏன் விலை குறையவில்லை" என்பது எல்லோரும் கேட்பது. மொத்தமாக அச்சிடும்போது ஒரு டிஸ்க்குக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பெட்டி, அட்டை, லாரி எல்லாம் சேர்த்தாலும் உங்கள் 70 டாலரில் ஐந்தாறு டாலர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் தயாரித்தவருக்கும், உரிமை வைத்திருப்பவருக்கும், கடைக்காரர் கமிஷனுக்கும் போகிறது. டவுன்லோடிலும் கடைக்காரர் உண்டு, கமிஷனும் உண்டு. ஆக, டிஸ்க் போனதால் மிச்சமாவது அந்த ஐந்தாறு டாலர்தான்.

டிஸ்க் விலை இறங்குவதற்குக் காரணம் வேறு. தி. நகரில் ஆடி மாதம் துணி விலை ஏன் இறங்குகிறது? கடைக்காரர் மனம் இளகிவிட்டதாலா? தீபாவளிச் சரக்குக்கு இடம் வேண்டும், பழைய சரக்கு அலமாரியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால்தான். டிவிடி பெட்டிக்கும் இதே கதி. அச்சிட்டுக் கிடங்கில் கிடந்தால் வாடகை. ஆறு மாதம் விற்காவிட்டால் விலை சரியும். அதோடு, போன வருடம் வாங்கியவர் பார்த்துவிட்டுத் தன் பெட்டியைப் பாதி விலைக்கு விற்க வந்துவிடுவார். புதுப்பெட்டிக்குத் தலைக்கு மேல் தொங்கும் கத்தி அந்தப் பழைய பெட்டிதான். டவுன்லோடுக்குக் கிடங்கும் இல்லை, பழைய சரக்கும் இல்லை, போட்டிக்கு வரும் செகண்ட் ஹேண்டும் இல்லை. எப்போதாவது விளம்பரத்துக்காகத் தள்ளுபடி கொடுப்பார்கள், ஆனால் கொடுத்தே ஆகவேண்டிய கட்டாயம் கிடையாது.

இந்தத் தகராறு பழையது. ஆப்பிள் 2005 அக்டோபரில் தன் இணையக் கடையில் டிவி தொடர்களை ஒரு எபிசோட் 1.99 டாலர் என்று விற்கத் தொடங்கியது. அப்போது அமெரிக்கப் பெரிய சேனல்களின் ஒரு சீசன் சாதாரணமாக 22 எபிசோட் வரை போகும். ஒவ்வொன்றாக வாங்கினால் 43.78 டாலர். அந்தக் காசுக்குக் கிடைத்த படம் 320க்கு 240 புள்ளி. டிவிடியில் 720க்கு 480. பெருக்கிப் பாருங்கள், டிவிடியில் இருப்பது நாலரை மடங்கு. ஐபாடின் சின்னத் திரைக்கு அது போதும். ஹாலில் இருக்கும் டிவிக்கு எப்படிப் போதும்? மறு வருடமே 640க்கு 480 ஆக்கினார்கள், விலை மாறவில்லை.

2007இல் அமெரிக்க டிவி நிறுவனமான என்பிசி யுனிவர்சலுக்கும் ஆப்பிளுக்கும் விலையை வைத்தே முட்டிக்கொண்டது. ஒரு எபிசோடுக்கு 4.99 கேட்கிறார்கள் என்று ஆப்பிள் சொன்னது, அப்படிக் கேட்கவில்லை என்று என்பிசி மறுத்தது. என்பிசியின் தொடர்கள் ஆப்பிள் கடையைவிட்டுப் போய், 2008 செப்டம்பரில் திரும்பி வந்தன. 2010இல் ஆப்பிள் 99 சென்டுக்கு வாடகை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஏபிசி, ஃபாக்ஸ் சேனல்கள் சேர்ந்தன. மறு வருடமே அதை மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால், நியாயமான விலைக்கு மிக அருகில் வந்தது அந்த 99 சென்ட்தான். பார்ப்பதற்கு மட்டும் காசு, 'உனக்கே சொந்தம்' என்ற நடிப்பு இல்லை.

இந்தச் 'சொந்தம்' என்ற சொல்லுக்குத்தான் நீங்கள் 80 டாலர் கொடுக்கப் போகிறீர்கள், அதனால் அதைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு பதிப்பகம், "இந்தப் புத்தகத்தின் விலை 1 டாலர், இதற்குக் குறைவாக விற்க யாருக்கும் அனுமதி இல்லை" என்று புத்தகத்துக்குள்ளேயே அச்சடித்தது. மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1908இல் பதிப்பகம் தோற்றது. ஒருமுறை விற்ற பிரதி விற்றதுதான். வாங்கியவர் அதை என்ன விலைக்கும் விற்கலாம், கடன் தரலாம், தானம் செய்யலாம். உங்கள் டிவிடி பெட்டிக்கும் இந்த உரிமை உண்டு. டவுன்லோடுக்கு உண்டா என்று ஒரு நிறுவனம் சோதித்துப் பார்த்தது. இணையத்தில் வாங்கிய பாட்டுகளை மறுவிற்பனை செய்ய ஏற்பாடு செய்தது. 2018இல் நியூயார்க்கில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. கோப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினாலே புதுப் பிரதி உண்டாகிவிடுகிறது, பழைய பிரதியை விற்கும் உரிமை அதற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பு.

விற்க முடியாவிட்டால் போகட்டும், கையிலாவது நிற்குமா? 2023 டிசம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியது: நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் 31ஆம் தேதியோடு உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்படும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீசன்கள். கூச்சல் கிளம்பியதும் புது ஒப்பந்தம் போட்டு அந்த முடிவை விலக்கிக்கொண்டார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2022இல் ஒரு பிரெஞ்சுப் பட நிறுவனத்தின் படங்கள் அவர்கள் கணக்கிலிருந்து போயே போய்விட்டன. இதையெல்லாம் பார்த்துத்தான் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. 2025 ஜனவரி முதல், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய ஒன்றை விற்பவர், அது வெறும் உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று பொத்தான் வைக்கக் கூடாது.

இப்போது காசுக்கு வருவோம். 60 எபிசோட், ஒன்றுக்கு 45 நிமிடம், மொத்தம் 45 மணி நேரம். டவுன்லோட் 80 டாலர் என்றால் மணிக்கு 1.78. டிஸ்க் 70 என்றால் மணிக்கு 1.56. ஆனால் டிஸ்க் கணக்கு அங்கே முடிவதில்லை. பார்த்து முடித்ததும் 30 டாலருக்கு விற்று, தபால் செலவு 6 போனால் 24 கைக்கு வரும். நிகரச் செலவு 46, மணிக்கு 1.02. அதே பெட்டியை நீங்களே செகண்ட் ஹேண்டில் 35க்கு வாங்கிப் பிறகு விற்றால் செலவு 11 டாலர், மணிக்கு 25 சென்ட்கூட ஆகாது. தொடர் ஏதாவது ஸ்ட்ரீமிங்கில் இருந்து, தினம் ஒரு எபிசோட் பார்த்தால் இரண்டு மாதச் சந்தா. மாதம் 18 என்று வையுங்கள், 36 டாலர். மூன்றாவது மாதம் ரத்து செய்ய மறக்காதவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு. மறந்தவர்களின் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டுகளை வாரம் இரண்டு பார்க்கிறேன்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் ஒப்பிடுவது டிவிடியையும் ஹெச்டி டவுன்லோடையும். படம் டவுன்லோடில்தான் துல்லியம். டிஸ்க்கைத் தேடி எடுத்து மாற்றி மாற்றிப் போடும் வேலையும் இல்லை. அதற்கு 10 டாலர் கொடுக்கலாம். 70இல் தொடங்குங்கள். விற்க முடியாததற்கு 24 கழியுங்கள், பெட்டி, லாரி செலவுக்கு 6 கழியுங்கள், வசதிக்கு 10 கூட்டுங்கள். 50 வருகிறது. இந்தத் தொடரின் டவுன்லோடுக்கு என் கணக்கில் நியாய விலை அதுதான். 80 கேட்கிறவரிடம் பேரம் பேச முடியாது, ஆனால் காத்திருக்கலாம். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அந்த 50ம் எடிசனிலேயே இருக்கப் போகிறவருக்கு. நீங்கள் திரும்பப் போகிறீர்கள். டவுன்லோட் கடைகளில் உங்கள் கணக்கு ஒரு நாட்டோடு கட்டப்பட்டிருக்கும். நாட்டை இந்தியா என்று மாற்றிய பிறகு, அமெரிக்காவில் வாங்கியதை மறுபடி இறக்க முடியும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. நான் ஊர் திரும்பியபோது கணக்கில் நாட்டை மாற்றினேன். ஒரு கடையில் வாங்கி வைத்திருந்த நான்கு சீசன்கள் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் மரியாதையாகப் பேசினார்கள், தொடர் வரவில்லை. உங்கள் நிலையில் நான் டவுன்லோடுக்கு 25 டாலருக்கு மேல் தரமாட்டேன்.

டிஸ்க்கிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. உலகத்தை ரீஜன் என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பகுதியின் டிஸ்க் இன்னொரு பகுதியின் பிளேயரில் ஓடாது. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. ப்ளூ ரே என்றால் அமெரிக்கா ஏ, இந்தியா சி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமனார் வீட்டு பிளேயரில் போட்டேன். வீட்டில் எல்லோரும் முறுக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்க் உள்ளே போய்ச் சுற்றியது, திரையில் ஒரு வரி வந்தது, டிஸ்க் வெளியே வந்தது. மைத்துனன் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். டிவிடி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு பூட்டிக்கொள்ளும். அவன் ஏற்கெனவே நான்கு முறை மாற்றியிருந்தான். அன்றைக்கு முறுக்கோடு சரி. ஆகவே, நீங்கள் இப்போது வைத்திருக்கும் பிளேயரை விற்றுவிடாமல் கொண்டுவாருங்கள். கோவை மின்சாரம் 230 வோல்ட். பிளேயரின் பின்பக்கம் '100-240' என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயராக ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

டிஸ்க்கைக் கணினியில் நகல் எடுத்துவைத்துவிட்டால் என்ன என்று தோன்றும். 1998இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி, நகல் எடுக்க விடாமல் டிஸ்க்கில் வைத்திருக்கும் பூட்டை உடைப்பது சட்ட விரோதம். அதை நான் சிபாரிசு செய்ய முடியாது.

அப்புறம், டிஸ்க் என்றால் அழியாதது என்றும் எண்ண வேண்டாம். 2006 முதல் 2008 வரை அச்சான வார்னர் பட நிறுவனத்தின் டிவிடிகள் பல, கீறல் ஒன்றும் இல்லாமலே கெட்டுப்போயின. 2025இல் நிறுவனமே ஒப்புக்கொண்டு மாற்றுத் தர முன்வந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது பின்னட்டையில் வருடத்தைப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இந்த வாரம் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். அமெரிக்கப் பொது நூலகங்களில் டிவி தொடர்களின் டிவிடி பெட்டி இலவசமாகக் கிடைக்கும். அவர்களிடம் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து வரவழைக்கக் கேட்கலாம். முதல் சீசனை அப்படிப் பாருங்கள். துப்பறியும் தொடர் வேறு, கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு மறுபடி பார்ப்பீர்களா என்பது உங்களுக்கே சந்தேகமாக இருக்கலாம். பார்க்க மாட்டோம் என்று தோன்றினால் மிச்ச நான்கு சீசனையும் நூலகத்திலேயே முடித்துவிடுங்கள், 70ம் மிச்சம், 80ம் மிச்சம். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு அவர்களோடு உட்கார்ந்து பார்க்கவேண்டும், கோவைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றினால், செகண்ட் ஹேண்ட் பெட்டி 35 டாலருக்குள் கிடைக்கும்வரை காத்திருந்து வாங்குங்கள். புதுப்பெட்டி 50க்கு இறங்கினால் அதுவும் சரி.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பெட்டி வந்த அன்றே ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டு, நடுவிலும் கடைசியிலுமாக ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரே அடுக்கு டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளி ஓரத்துக்குப் போகும், இரண்டு அடுக்கு என்றால் பெரும்பாலும் ஓரம்வரை போய் உள்ளே திரும்பும். கைபட்டுக் கெடுவது பெரும்பாலும் அந்த ஓரம்தான். 15 டிஸ்க் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபிறகு நான்காவது சீசனில் படம் உறைந்து நின்றால் யாரும் காசைத் திருப்பித் தரமாட்டார்கள்.