இரவில் தானாக நிற்கும் க்யூ
உங்கள் க்யூ (மெசேஜ்கள் வரிசையில் காத்திருக்கும் இடம்) இரவில் ஏன் தானாக நிற்கிறது என்று கேட்டீர்கள். அதை நிறுத்தியது சர்வீஸ் புரோக்கரேதான், அதாவது எஸ்.க்யூ.எல். சர்வர் டேட்டாபேஸில் மெசேஜ்களைக் கையாளும் வசதி. ஒரே மெசேஜ் தொடர்ந்து 5 முறை ரோல்பேக் ஆனால் (அதை எடுத்துச் செய்த வேலை தோற்று, மெசேஜ் க்யூவுக்கே திரும்பினால்) எஸ்.க்யூ.எல். சர்வர் அந்த க்யூவை அணைத்துவிடும்.

"மெசேஜைப் படிக்கும் ப்ரொசீஜர் ஓடவில்லை, எரரும் இல்லை" என்கிறீர்கள். எரர் இருக்கும். பின்னணியில் ஓடுவதால் உங்கள் திரைக்கு வராது. சர்வரின் எரர் லாக்கில் கிடக்கும்.

1. சிஸ்.சர்வீஸ்_க்யூஸ் வியூவில் இஸ்_ரிசீவ்_எனேபிள்ட் 0 என்று இருக்கிறதா பாருங்கள்.
2. இருந்தால் ஆல்டர் க்யூ கொடுத்து ஸ்டேட்டஸை ஆன் செய்யுங்கள்.

ஆனால் கெட்ட மெசேஜ் க்யூவிலேயே நிற்பதால் திரும்ப அணையும். தரமணி ஆபீஸில் ஒரு ராத்திரி முழுக்க ஆன் செய்துகொண்டே இருந்தேன், டீ ஆறியதுதான் மிச்சம்! அந்த மெசேஜில் காலியாக வந்த ஒரு தேதிதான் வில்லன். ப்ரொசீஜரில் ட்ரை கேட்ச் (எரரைப் பிடிக்கும் அமைப்பு) போட்டு, அப்படிப்பட்ட மெசேஜைத் தனி டேபிளில் எழுதிவிட்டு கமிட் செய்யுங்கள் (வேலை முடிந்ததாக உறுதிசெய்யுங்கள்).

இப்படி 5 முறைக்குப் பிறகு க்யூவை அணைக்கும் பாய்சன் மெசேஜ் ஹேண்ட்லிங்கை மட்டும் ஆஃப் செய்யாதீர்கள். அந்த மெசேஜே ஓயாமல் சுற்றும்.