அக்கா இப்போதுதான் வாய் திறந்திருக்கிறா

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு முகாமில் இருக்கிறோம். 2009 மே மாதம், சண்டை முடிந்த கையோடு இலங்கையில், வன்னியில் தனக்கு நடந்த பாலியல் கொடுமையை அக்கா போன மாதம்தான் என்னிடம் சொன்னா. இத்தனை வருசம் ஒருத்தருக்கும் தெரியாது. சாட்சியும் இல்லை, டாக்டர் துண்டும் இல்லை. இங்கே போலீசில் சொல்லலாமா? ஊருக்குத் திரும்பும் யோசனையும் இருக்கு.

பதில்: போலீஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கடலூரில் வழக்குப் பதிய மாட்டார்கள். அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. வெளிநாட்டில் வெளிநாட்டவர் செய்த குற்றத்தை விசாரிக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. (இதே கொடுமை இங்கே நடந்திருந்தால் கதையே வேறு. அகதி என்று சொல்லிப் புகாரைத் தள்ள முடியாது. ஹவுராவில் பாதிக்கப்பட்ட வங்கதேசப் பெண்ணின் வழக்கில், வாழும் உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது.)

ஆக, வழக்கு என்று போனால் இலங்கையில்தான். அங்கே ஒரு கெடு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. கொலை, அரச துரோகம் தவிர மற்றக் குற்றங்களுக்கு, நடந்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்கிறது அந்நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். உங்கள் கணக்கில் அது 2029 மே. இன்றே ஓட வேண்டாம். ஆனால் 'பிறகு பார்ப்போம்' என்றும் விட்டுவிடக் கூடாது.

டாக்டர் துண்டு இல்லாததால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். உடலில் காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று ஆகும் என்பதில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையே 1995 திருத்தத்தில் அப்படிச் சொல்கிறது.

எனக்குப் பெரிய கவலை நீங்கள்தான். பாசத்தில் துருவித் துருவிக் கேட்பீர்கள், போனில் பதிவு செய்வீர்கள், சித்தியிடமும் சொல்லச் சொல்வீர்கள். வேண்டாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அக்கா அந்த இடத்துக்கே திரும்பிப் போகிறா. சொல்லும் விதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். போர்க்காலப் பாலியல் வன்முறை பற்றித் தகவல் சேகரிப்பவர்களுக்காக 2022-இல் வந்த முராத் நெறிமுறையும், முடிவு பாதிக்கப்பட்டவர் கையில் என்பதைத்தான் வலியுறுத்துகிறது. அக்கா தானாகப் பேசினால் கேளுங்கள். முகாம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது உங்களுக்கே தெரியும். வெளியே எங்காவது கூட்டிப் போங்கள்.

தூக்கமில்லை, திடுக்கிட்டு எழுகிறா என்றால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை. வழக்கே வேண்டாம் என்று அக்கா சொன்னாலும் இது தேவை.

வழக்கு வேண்டும் என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி தர 1987 சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரே ஒரு முறை, பெண் வக்கீல் முன்னால், சத்தியக் கடதாசியாக (பிரமாணப் பத்திரம்) எழுதி வாங்குவது நல்லது. இலங்கைப் போர்க் குற்றங்களுக்கான ஆதாரங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை 2021-இல் மனித உரிமைப் பேரவை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திடம் கொடுத்திருக்கிறது. அங்கே அனுப்புவதா என்பதையும் அக்காதான் சொல்ல வேண்டும்.

ஊருக்குத் திரும்புவது தனி முடிவு. இதையும் அதையும் முடிச்சுப் போடாதீர்கள். போனால் அங்கே மகளிர் உதவி எண் 1938. அந்தக் கடதாசியை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டாம். மூலப்பிரதி இங்கே வக்கீலிடமே இருக்கட்டும்.